கஜானாவுக்குக் காவல்



2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியின் தலைமையகம். அந்த நாட்டில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. பத்தாவது மாடியில், மிகச் சிலருக்கே அனுமதி உள்ள ஓர் அறையில் ஒரு பிரிண்டர் இருந்தது. வெளிநாட்டு வங்கிகளுக்குப் போகும் ஒவ்வொரு பண உத்தரவையும், அங்கிருந்து வரும் ஒவ்வொரு பதிலையும் இரவு பகலாகத் தானே அச்சடித்துத் தள்ளுவது அதன் வேலை. அன்று காலை வந்து பார்த்தபோது தட்டில் ஒரு தாள்கூட இல்லை. பிரிண்டர் மக்கர் செய்வது அந்த அலுவலகத்துக்குப் புதிது இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஒருவழியாக அது இயங்கத் தொடங்கியதும், நியூயார்க்கிலிருந்து வந்து தேங்கிக் கிடந்த கேள்விகள் வரிசையாக அச்சாகி விழுந்தன. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த டாலர் கையிருப்பிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி வியாழன் இரவு 35 உத்தரவுகள் போயிருந்தன. மொத்தத் தொகை 95 கோடியே 10 லட்சம் டாலர். வங்கியில் யாருமே அப்படி ஓர் உத்தரவை அனுப்பியிருக்கவில்லை.

திருடர்கள் நாள் பார்த்துத்தான் இறங்கியிருந்தார்கள். டாக்காவில் விடுமுறை முடியும்போது நியூயார்க்கில் விடுமுறை நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் வங்கிக்காரர்களைப் பிடித்துப் பேசி, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவுக்குத் தகவல் அனுப்பினால், திங்கட்கிழமை அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் செய்த வேலை இது. மணிலா வங்கிக் கிளை ஒன்றில் இதற்காக நான்கு கணக்குகள் ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 2015 மே மாதம், கணக்குக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கப்பட்டிருந்தன. வேலை கேட்டு விண்ணப்பிப்பவரைப் போல எழுதிய மின்னஞ்சல் வழியாக மால்வேர் டாக்கா வங்கிக்குள் நுழைந்தது அதற்கும் முன்னால். ஓராண்டுக்கு மேல் அவர்கள் உள்ளே உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார், எந்த உத்தரவு எப்படி எழுதப்படுகிறது என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

35 உத்தரவுகளில் 30 நின்றுபோயின. பணம் போகவேண்டிய மணிலா கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. அதே பெயரில் ஓர் ஈரானியக் கப்பல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருந்ததால் நியூயார்க் கணினி அவற்றை நிறுத்தி வைத்தது. இரண்டு கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்குப் போனது. நிறுவனத்தின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. கொழும்பில் அந்தப் பணத்தைப் பெறவேண்டிய பான் ஏசியா வங்கி அதிகாரி ஒருவருக்கு, இவ்வளவு பெரிய தொகை நம் நாட்டுக்கு இப்படி வருமா என்ற ஐயம் எழுந்தது. இடையில் இருந்த ஜெர்மன் வங்கி விளக்கம் கேட்டது. அந்தப் பணம் தப்பித்தது. மீதி 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். சுமார் ஒன்றரைக் கோடி டாலர் திரும்பி வந்தது.

இந்தக் கதையைத் திரைப்படம் போலச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அன்று வங்கதேசத்தின் கையிருப்பு சுமார் 2,800 கோடி டாலர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களும், வளைகுடாவில் வேலை செய்யும் ஆண்களும் ஈட்டித் தந்த பணம் அது. அரிசி, எரிபொருள், மருந்துக்கான மூலப்பொருள் எல்லாம் அதில்தான் வாங்க வேண்டும். அந்தக் கஜானாவின் வாசலில் என்ன காவல் இருந்தது? வங்கதேசக் காவல்துறையின் புலனாய்வாளர்கள் அறையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: பத்து டாலருக்கு வாங்கிய பழைய நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபயர்வால் இல்லை, மற்றக் கணினிகளிலிருந்து அந்த அறையின் கணினிகளைப் பிரித்தும் வைக்கவில்லை.

கையிருப்பு என்றால் என்ன என்பதை அண்டையில் இருந்து பார்த்தவர்கள் நாம். 2022 மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி ஐந்து கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது என்று இலங்கையின் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிவாயு சிலிண்டருக்காக ஆட்கள் இரவெல்லாம் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். இரண்டு மாதத்தில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அங்கே நடந்தது சைபர் திருட்டு இல்லை, வேறு காரணங்கள். ஆனால் டாக்காவில் ஒரு வார இறுதியில் களவு போன தொகை, ஒரு நாட்டின் அரசாங்கத்தையே கவிழ்த்த அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில் கொழும்பின் கையில் எஞ்சியிருந்ததைவிடப் பெரியது. பணக்கார நாட்டில் வங்கிக்கு நட்டம் என்று முடியக்கூடிய ஒரு குற்றம், வளரும் நாட்டில் துறைமுகத்தில் கப்பல் நிற்குமா திரும்புமா என்ற கேள்வியாகிவிடுகிறது. இதை வெறும் பொருளாதாரக் குற்றம் என்று காவல்துறையின் ஒரு பிரிவுக்குத் தள்ளிவிட்டுப் போக முடியாது என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

டாக்கா களவு நடந்து இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தில் அதே போன்ற ஒன்று நடந்தது. சிட்டி யூனியன் வங்கி நூறாண்டு பழமையானது; தஞ்சை மண்ணின் வியாபாரிகளும் விவசாயிகளும் வளர்த்த வங்கி. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பண உத்தரவு அனுப்பும் அதன் ஸ்விஃப்ட் இணைப்பிலிருந்து துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். பிப்ரவரி 6 அன்று ஸ்விஃப்டோடு இணைந்த பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. டாக்காவில் செய்ததும் இதுவே என்று உங்களுக்கு நினைவு வரும். மறுநாள் காலை கணக்கு சரிபார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. வங்கியே அதைப் பகிரங்கமாகச் சொன்னது, சம்பந்தப்பட்ட வெளிநாட்டு வங்கிகளை உடனே எச்சரித்தது, ஒரு பகுதிப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட்டது.

காலையில் கணக்கு சரிபார்ப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். நான் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன். அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளிநாட்டு வங்கியில் நம் வங்கி வைத்திருக்கும் கணக்குக்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். முந்தைய நாள் அதில் என்ன வரவு, என்ன பற்று என்று இரவில் ஒரு ஸ்டேட்மென்ட் வரும். காலையில் ஒருவர் அந்தத் தாளை இடது பக்கம் வைத்துக்கொள்வார், நம் வவுச்சர்களை வலது பக்கம். சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். டிக் விழாத வரி இருந்தால் அதைச் சுற்றி வட்டம். கடைசியில் சுருக்கொப்பம். யாரும் விரும்பிக் கேட்டு வாங்கும் வேலை அல்ல இது. பதவி உயர்வுக்கு உதவாது. ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். கும்பகோணத்தில் காலையிலேயே அதைச் செய்ததால்தான் ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிந்தது.

கும்பகோணத்துக் களவைச் செய்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. டாக்கா விஷயத்தில் அமெரிக்க நீதித்துறை 2018 செப்டம்பரில் ஒரு வடகொரியர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டது. 2014-ல் சோனி படநிறுவனத்தைத் தாக்கியதும், 2017-ல் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை மால்வேரும் அவர் சார்ந்த கூட்டத்தின் வேலை என்கிறது அந்தக் குற்றப்பத்திரிகை. லாசரஸ் என்று உலகம் அழைக்கும் அந்தக் கூட்டம் வடகொரிய அரசுக்காக வேலை செய்கிறது. சைபர் திருட்டுகள் மூலம் அந்த நாடு 200 கோடி டாலர் வரை சேர்த்து ஆயுதத் திட்டங்களுக்குச் செலவிட்டதாக ஐ.நா. நிபுணர் குழு 2019-ல் மதிப்பிட்டது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து 94 கோடி ரூபாய் போனது. அதில் பெரும்பகுதியை ஒரே நாளில் 28 நாடுகளின் ஏடிஎம்களில் நகல் அட்டைகளைச் செருகி எடுத்தார்கள். அதிலும் ஐ.நா. குழு வடகொரியாவைத்தான் சுட்டியது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனதையும் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அந்தக் கணக்கில் எழுதின. புனேயில் கூட்டுறவு வங்கியில் சேமித்தவரின் பணம் எங்கோ ஒரு ஏவுகணையின் எரிபொருளாகியிருக்கக்கூடும். இதில் குற்றம் எங்கே முடிகிறது, போர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடச் சொன்னால் என்னால் முடியாது.

அதே கூட்டத்தின் கைவரிசை என்று ஆய்வாளர்கள் சொல்லும் டிட்ராக் என்ற மால்வேர் 2019-ல் கூடங்குளம் வரை வந்தது. அக்டோபர் 29 அன்று, அப்படி எதுவும் இல்லை, வதந்தி என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில்தான் தொற்று, உலையை இயக்கும் அமைப்புகள் அதிலிருந்து தனியே துண்டிக்கப்பட்டவை என்று விளக்கியது. அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் இதைக் கழகத்துக்குத் தெரிவித்தது செப்டம்பர் 4-ல். இடையில் ஏறத்தாழ எட்டு வாரம். முதல் நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல் என்று வந்தால், இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் இருக்கும் மக்கள் மூன்றாவது நாள் எதை நம்புவார்கள்?

கொழும்புக்கு மறுபடி வருகிறேன். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா அரசு கிளவுட், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரேன்சம்வேரில் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதப் போக்குவரத்து அழிந்தது. பேக்கப் இருந்ததே என்று கேட்பீர்கள். அதே இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது, அந்த மாதங்களுக்குத் தனியே எடுத்து வைத்த நகல் இல்லை. கடன் மறுசீரமைப்பு பற்றி ஒரு நாடு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

காரணம் என்ன தெரியுமா? மின்னஞ்சலுக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிப்புக்கு இனி பாதுகாப்புத் திருத்தம் தரமாட்டோம் என்று நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரலில் கைகழுவிவிட்டது. புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று 2021-லேயே திட்டம் இருந்தது. பணமில்லாததும் ஒரு காரணமாகத் தள்ளிப்போனது. டாலர் இல்லாமல் பெட்ரோலுக்கே வழியில்லாத நாட்டில் மென்பொருள் உரிமத்துக்கு யார் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? அந்த அதிகாரிகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் வளரும் நாட்டின் தனிப்பட்ட துன்பம் இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்கப் பணம் கிடைக்கும். உலக வங்கி தரும், வெளிநாட்டுத் தூதரகம் தரும், அமைச்சர் ரிப்பன் வெட்டுவார். தொடங்கியதைப் பராமரிக்க யாரும் தருவதில்லை. சர்வர் வாங்கிய ஆண்டின் செலவு பட்ஜெட்டில் தனித் தலைப்பில் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் அதற்கு வேண்டிய மேம்பாடு, இதர செலவுகள் என்ற வரிக்குள் காகிதத்தோடும் மையோடும் போட்டி போடும். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். எந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடியும் என்று அவருக்கே தெரியாது. ஒரு துறையின் எல்லா பாஸ்வேர்டும் அவர் கையில் இருக்கும். ஆய்வுக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இருக்காது. நல்ல திறமை இருந்தால் ஓராண்டில் பெங்களூரு நிறுவனம் ஒன்று மூன்று மடங்கு சம்பளத்தில் அழைத்துக்கொள்ளும்.

கோஸ்டாரிகா என்ற சிறிய நாடு 1948-லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் அதன் நிதி அமைச்சகத்தை கோன்டி என்ற ரஷ்ய மொழிக் கும்பல் முடக்கி ஒரு கோடி டாலர் கேட்டது, பின்பு இரண்டு கோடி. வரி வசூல் தளம் நின்றது. சுங்கத்துறைத் தளம் நின்றதால் துறைமுகங்களில் கண்டெய்னர்கள் தேங்கின. அதிகாரிகள் காகிதப் படிவத்துக்குத் திரும்பினார்கள். ஆசிரியர்களின் சம்பளம் குழம்பியது. மே 8-ல் பதவியேற்ற புதிய ஜனாதிபதி முதல் நாளிலேயே தேசிய அவசர நிலையை அறிவித்தார், சில நாள் கழித்து, நாடு போரில் இருக்கிறது என்றார். கும்பல், அரசாங்கத்தைத் தூக்கியெறியுங்கள் என்று மக்களைத் தூண்டி எழுதியது. மாதக் கடைசியில் இன்னொரு கும்பல் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைத் தாக்க, நாட்டின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளின் மின்பதிவுகளைத் திறக்க முடியாமல் தவித்தன. கப்பம் கட்ட மாட்டோம் என்று அரசு உறுதியாக நின்றது. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். அதன் விலையை மாதக்கணக்கில் கொடுத்தவர்கள் ஏற்றுமதியாளர்களும் நோயாளிகளும் ஆசிரியர்களும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை அரசுகளைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குள் வரும் குற்றத்தையும் நாட்டின் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கு. அதில் டிஜிட்டல் அரெஸ்ட் என்ற வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வருகிறது. காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், மேசையில் கொடி. உங்கள் ஆதாரை வைத்து போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது, நீங்கள் கைது, கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்கிறான் ஒருவன். அவர் இரண்டு நாள் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குளியலறைக்குப் போகவும் அனுமதி கேட்கிறார். பிறகு வைப்புத்தொகையை உடைத்து, அவன் சொன்ன கணக்குக்கு ‘சரிபார்ப்புக்காக’ அனுப்புகிறார்.

வீடியோ அழைப்பில் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை. படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று உறவினர்கள் கேட்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அவர் எதைக் கண்டு பயந்தார்? போலீஸ் என்றால் பயப்பட வேண்டும், ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது, பெரிய இடத்து விவகாரம் என்றால் பணத்தைக் கொடுத்து ஒதுங்கிவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க இந்த நாடு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. திருடன் போட்ட முதல் அந்தப் பயம்தான். குடிமகனுக்கு உரிமை தெரிந்த நாட்டில் இந்தத் தொழில் இவ்வளவு செழிக்காது. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியை உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி ஏமாற்றினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. நீதிமன்றத்தின் முத்திரை எது, திருடனின் முத்திரை எது என்று மக்களுக்குத் தெரியாமல் போவது, எல்லையில் ஒரு காவல்சாவடி விழுவதற்குக் குறைந்த ஆபத்து அல்ல.

அந்த அழைப்பின் மறுமுனையில் இருப்பவனும் பல நேரம் நம் பிள்ளைதான். 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தாய்லாந்து எல்லையில் மியாவடிப் பக்கம் மோசடி முகாம்கள் பெருகின. டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று ஏஜென்ட் சொல்ல, நம் ஊர் இளைஞர்கள் பாங்காக்கில் இறங்கினார்கள். இரவில் ஆற்றைக் கடக்க வைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, முள்வேலிக்குள் உட்காரவைத்து ஏமாற்றச் சொன்னார்கள்; மறுத்தால் அடி, மின்சாரம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஒரு லட்சம் பேர் இப்படி அடைபட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. 2025 மார்ச்சில் இந்திய விமானப் படையின் விமானங்கள் தாய்லாந்தின் மே சோத் நகரிலிருந்து இரண்டு நாளில் 549 பேரை மீட்டு வந்தன. வந்தவர்களில் யார் அடிமை, யார் கங்காணி என்று பிரித்தறிய விசாரணை அதிகாரிகள் திணறினார்கள். வேலையில்லாத கிராமம் ஆளைக் கொடுக்கிறது, பயந்த முதியவர் பணத்தைக் கொடுக்கிறார், கமிஷனுக்கு ஆசைப்பட்ட மாணவன் தன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுக்கிறான்; மூன்றும் சேர்ந்து கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டி, ஆயுதக் குழுக்கள் ஆளும் நிலத்துக்குப் போகின்றன. பிலிப்பைன்ஸில் பம்பான் என்ற ஊரில் 2024-ல் இப்படி ஒரு முகாமைச் சோதனையிட்டபோது, அந்த ஊர் மேயருக்கே அதில் தொடர்பு இருப்பது வெளிவந்தது. பணம் பெருகினால் ஆட்சியையே வாங்கிவிடலாம்.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். டாக்காவில் பணம் போனது பிப்ரவரி 4 இரவு. மத்திய வங்கியின் ஆளுநர் அதைத் தன் அரசாங்கத்திடமே சொல்லாமல் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தார். மணிலா நாளிதழ் ஒன்று எழுதிய பிறகுதான் டாக்காவுக்கே தெரிந்தது. நிதியமைச்சர் பத்திரிகை பார்த்து அறிந்ததாகச் சொன்னார். மார்ச் 15-ல் ஆளுநர் பதவி விலகினார். அரசு அமைத்த விசாரணைக் குழு அறிக்கை தந்தது; அன்றைய அரசு அதை வெளியிடவில்லை. பணத்தைப் பின்தொடர வேண்டிய முதல் வாரங்களில், வெளியே தெரிந்தால் கௌரவம் என்னாவது என்ற கவலையும் சேர்ந்து வேலை செய்தது.

நம் கதை வேறு மாதிரி என்று சொல்ல ஆசைதான். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. சுமார் இரண்டு வாரம் ஓபி சீட்டு கையால் எழுதினார்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாளில் எழுதி வார்டு வார்டாக எடுத்துப்போனார்கள். டெல்லி காவல்துறை சைபர் பயங்கரவாதப் பிரிவிலும் வழக்குப் பதிந்தது. நாடாளுமன்றத்துக்குக் கிடைத்த பதிலில், நெட்வொர்க் முறையாகப் பகுக்கப்படாமல் இருந்தது என்ற ஒரு வரி இருந்தது. டாக்காவின் பத்தாவது மாடிக்கும் அதே வரி பொருந்தும். ஆறு ஆண்டில் நாம் அதைப் படித்துக்கொள்ளவில்லை என்றால், படிக்க எவரும் எதையும் முழுதாக வெளியிடாததும் அதற்கு ஒரு காரணம்.

தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் தகவல் மேலே போகிறது, கீழே வருவதில்லை. 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து செர்ட்-இன்னுக்கு விலக்கும் கொடுத்துவிட்டார்கள். எதிரிக்கு உதவும் விவரங்கள் இருக்கும் என்பது அவர்கள் தரப்பு வாதம். எதிரி ஏற்கெனவே உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனவன். அந்த அறை எப்படி இருந்தது என்று தெரியாதவர்கள் அடுத்த மருத்துவமனையின், அடுத்த கூட்டுறவு வங்கியின் பொறியாளர்கள்தான்.

நடந்ததை வெளியாள் விசாரித்துச் சொல்வதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. ரயில் விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். விபத்துக்குக் காரணமான துறையே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வெளியே ஓர் உதாரணம் அயர்லாந்து. அதன் பொதுச் சுகாதாரத் துறையை 2021 மே மாதம் அதே கோன்டி கும்பல் முடக்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, எங்கே ஓட்டை இருந்தது, எந்த எச்சரிக்கையை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்ற விசாரணை அறிக்கையை அந்தத் துறையே உலகம் படிக்க வெளியிட்டது. அதனால் அயர்லாந்து ஒன்றும் குடிமூழ்கிப் போகவில்லை.

நான் கேட்பது இதுதான். மின்சாரம், மருத்துவமனை, வங்கி, துறைமுகம், அரசு மின்னஞ்சல் இவற்றில் எது தாக்கப்பட்டாலும், அந்தத் துறைக்குக் கட்டுப்படாத ஓர் ஆணையர் விசாரிக்க வேண்டும். கடவுச்சொற்களையும் இணைப்பு வரைபடங்களையும் நீக்கிவிட்டு, மீதியை ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பழைய மென்பொருளை மாற்றப் பணம் கேட்டு எழுதிய கோப்பு எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்பதும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். ஐயத்தை முதலில் எழுப்பிய ஊழியர், ஒப்பந்தப் பணியாளராகவே இருந்தாலும், அவர் சொன்னதற்காக வேலை இழக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். தேர்தல் நேரத்தில் உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும்போது, கூடங்குளத்து விசாரணையின் முடிவு என்ன, எய்ம்ஸில் அந்த நெட்வொர்க்கைப் பகுக்காமல் விட்டது யார் என்றும் கேளுங்கள். அவருக்கு விவரம் தெரிந்திருக்காது. போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.